அடித்தாள்

“குப்பைக் கூடைக்குள்ள கையை விட்டுத் துழாவுறாங்க மேடம். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.”

கணக்கு சார் இப்படிச் சொன்னதும் தலைமையாசிரியை பேனாவை மூடி வைத்தார்.

“யாரு?”

“நம்ம ட்ராயிங் டீச்சர்தான். மணி அடிச்சுப் பிள்ளைங்க போனதும் ஒவ்வொரு வகுப்பா போறாங்க. கசங்கின தாளையெல்லாம் பொறுக்கிப் பையில போட்டுக்கறாங்க. அப்புறம் ட்ராயிங் ரூம் கதவைச் சாத்தினா, ஒரு மணி நேரம் திறக்கறதே இல்லை.”

“எதுக்கு?”

இந்த ‘எதுக்கு’தான் மூன்று வாரமாக கணக்கு சாரைப் படுத்தி எடுத்தது. விடை தெரியாத எதையும் அவரால் சும்மா விட முடியாது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வகுப்பு கூட்டுகிற அம்மாவைப் பிடித்து விசாரித்தார். உருப்படியாக ஒன்றும் கிடைக்காமல், கடைசியில் தானே ஒரு விடையைக் கண்டுபிடித்து அடிக்கோடும் போட்டுவிட்டார்.

“பிள்ளைங்க வரைஞ்சு தூக்கிப் போட்டதை எடுத்து, மேல நாலு துணியும் நூலும் ஒட்டி, தன் படம்னு மாட்டப்போறாங்க மேடம். நாளைக்குக் கண்காட்சியில இருபத்தாறு படம். அத்தனையும் அவங்க பேர்ல! பெத்தவங்க யாராவது வந்து, ‘இது என் பிள்ளை வரைஞ்சதாச்சே’ன்னு கேட்டா, நம்ம மானம் கப்பலேறிடும்.”

தலைமையாசிரியை எழுந்து நடந்தார். கணக்கு சார் பின்னாலேயே போனார். பாதி வழியில் முன்னாலும் போய்விட்டார்.

ட்ராயிங் ரூம் முழுக்க மாவுப் பசை வாசனை. மேஜை மேல் தையல்கடைத் துண்டுத்துணி, உடைந்த பொத்தான், பழைய பஸ் டிக்கெட், வெங்காயச் சருகு. விரலெல்லாம் பசையோடு டீச்சர் நிமிர்ந்தார்.

சுவரில் படங்கள். தூரத்திலிருந்து அறுவடை வயல்போலத் தெரிந்த ஒன்று, கிட்டே போனால் வெறும் வெங்காயச் சருகு. தலைமையாசிரியை அதைத் தொட்டுப் பார்த்தார். வந்த வேலை ஒரு நிமிடம் மறந்தே போயிற்று.

கணக்கு சார் இருமி நினைவுபடுத்தினார்.

“டீச்சர், இதுக்கெல்லாம் அடியில என்ன இருக்கு?”

“தாள்தான் மேடம். மூணு நாலு சேர்த்து ஒட்டினாத்தான் கனம் தாங்கும்.”

“பிள்ளைங்க தாளா?”

“ஆமா மேடம்.”

“பார்த்தீங்களா!” என்றார் கணக்கு சார்.

“ஒண்ணைப் பிரிச்சுக் காட்டுங்க.”

டீச்சர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“காட்டறேன் மேடம். ஆனா உங்களுக்கு மட்டும். சார் போகட்டும்.”

“ஏன், நான் இருந்தா என்னவாம்?”

“வேணாம் சார். சொன்னா கேளுங்க.”

தலைமையாசிரியைக்குச் சங்கடமாக இருந்தது. டீச்சர்மேல் அவருக்குப் பிரியம் உண்டு. இருந்தாலும் புகார் என்று வந்துவிட்டதே.

“இங்க பாருங்க டீச்சர். புகார் சொன்னவரை வெளிய அனுப்பிட்டு நான் பார்த்தா நல்லா இருக்காது. இப்பவே காட்டுங்க. இல்லேன்னா நாளைக்கு ஒரு படமும் மாட்ட முடியாது. நிர்வாகத்துக்கும் எழுதியாகணும்.”

“எழுதுங்க மேடம். பரவாயில்லை.”

கணக்கு சாருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. மேஜையில் காயாமல் கிடந்த ஒரு படத்தை இழுத்தார். மூலையை நகத்தால் கிளப்பி ஒரே உரியாக உரித்தார். ஈரப் பசையோடு துணியும் நூலும் சொதசொதவென்று கையோடு வந்தன.

அடியில் ஓவியம் எதுவும் இல்லை. பரீட்சைத் தாள் ஒன்று இருந்தது. ஏழாம் வகுப்பு, கணக்கு. விடைகளுக்குக் குறுக்கே சிவப்பு மையில் பெரிதாக ஒரு வரி:

‘இதற்கு நீ வெள்ளைத் தாளையே கொடுத்திருக்கலாம்.’

தலைமையாசிரியை படித்தார். கணக்கு சாரை ஒருமுறை பார்த்தார்.

“எல்லாப் படத்தையும் மாட்டுங்க டீச்சர்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கணக்கு சாருக்கு முகம் கறுத்துவிட்டது. கையில் ஒட்டிய நூலை உதறினார். அது போவதாக இல்லை.

“இருபத்தாறுக்கும் அடியில நான்தானா?”

“எல்லா டீச்சரும் இருக்காங்க சார். பிள்ளைங்க அதைப் படிச்சுட்டுக் கசக்கிப் போடறப்ப முகத்தைப் பார்க்கவே முடியலை. எழுதினதை அழிக்க நம்மால முடியாது. அதுமேல எதையாவது நல்லதா ஒட்டலாமேன்னு தோணுச்சு. யார் எழுதினதுன்னு வெளிய தெரிய வேணாம்னுதான் கதவைச் சாத்திக்கிட்டேன்.”

“ஓகோ! நாங்கல்லாம் ராட்சசங்க. நீங்க மட்டும் தேவதை. அப்படித்தானே?”

டீச்சர் ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவரின் உச்சியில் இருந்த படத்தைக் கழற்றினார். சாயம் மங்கிய பழைய படம். ஈரத் துணியை அதன் மூலையில் வைத்து அழுத்தினார். பசை இளகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கணக்கு சாரும் போகாமல் நின்றார்.

டீச்சர் மெல்ல உரித்தார்.

அடியில் கிரேயானில் ஒரு மரம். கோணல் மரம், நீல நிற இலைகள். பக்கத்தில் பச்சை மையில் ஒரு வரி:

‘இது மரமா? காகிதத்தை வீணாக்காதே.’

“இது யாரு எழுதினது?”

“நான்தான் சார். நான் ஒட்டின முதல் படம் இது. அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் எதையுமே வரையலை.”