வெள்ளைக் கற்றை

எஸ்தருக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. முன்நெற்றியில் ஒரு கற்றை முடி வெள்ளை. அவள் தம்பிக்கும் அதே கற்றை உண்டு. ஆனால் அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஒரே மரபணு யாருக்கு எதைத் தரும் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. மகள் கருவிலிருந்தபோதே அந்த மரபணுவை மாற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் எஸ்தர்தான்.

மகள் ஃபெபிக்கு இப்போது ஆறு வயது, தலை முழுக்கக் கறுப்பு. இன்று முடியில் சாக்பீஸ் பூசிக்கொண்டு வந்து, கைகளால் கேட்டாள்: "இதை எனக்கு மட்டும் ஏம்மா குடுக்கல?"

"அதோட காதும் போயிருந்தா?" என்றன எஸ்தரின் விரல்கள்.

"மாமாவுக்குக் கேக்குதே."

எஸ்தர் அவளை மடியில் இருத்தி, சாக்பீஸை வாங்கி, கற்றையைச் சரியான இடத்தில் பூசிவிட்டாள்.

கண்ணாடி பார்த்த ஃபெபி மெல்லக் கையசைத்தாள்: "நாளைக்குத் தலைக்கு ஊத்தாதம்மா."