ஓரத்து நாற்காலி

"அந்தப் பொம்பள மடியில நாயை விட்டுட்டு நிக்கிறீரே, உமக்கு மனசாட்சி இருக்காய்யா?"

கடைக்காரர் போட்ட சத்தத்தில் ஆபரேஷன் தியேட்டர் வாசலே திரும்பிப் பார்த்தது.

காலையில் கம்பெனி வேன் கவிழ்ந்துவிட்டது. மூன்று பேர் போய்விட்டார்கள். கடைக்காரரின் தம்பி உள்ளே உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறான்.

அவர் கத்தியது பச்சைக் கோட்டுக்காரரைப் பார்த்து. துக்கத்தில் இருப்பவர்கள் தடவிக்கொடுத்து மனசு ஆறட்டும் என்று, பழக்கின நாயோடு ஆஸ்பத்திரிக்கு வருகிற தொண்டர். தம்பிடி வாங்க மாட்டார்.

அந்தப் பொம்பளை, வேன் டிரைவரின் மனைவி. ஓரத்தில் ஒற்றை நாற்காலி. பக்கத்து நாற்காலிகளை ஆளுக்கொன்றாக இழுத்துப்போய்விட்டார்கள்.

"அவங்களும் காத்துக்கிட்டுதானே இருக்காங்க, சார்."

"எதுக்கு? புருஷன் பொழைச்சு வந்து இன்னும் நாலு பேரைக் கொல்றதுக்கா? தூங்கிக்கிட்டே ஓட்டியிருக்கான்!"

"ராத்திரி முழுக்க ஓட்டிட்டு வந்தவரை மறுபடியும் போகச் சொன்னாங்கண்ணே..." என்றாள் அவள்.

"யாருக்கு யாருடி அண்ணன்?"

கடைக்காரர் கையை ஓங்கிவிட்டார். நாய் குரைக்கவில்லை. அவள் மடியில் முகத்தை இன்னும் அழுத்திக்கொண்டது.

"எங்ககிட்ட அஞ்சு நிமிஷம், அவகிட்ட மட்டும் மணிக்கணக்கா? என்னய்யா நியாயம் இது? இந்தப் பக்கம் கூட்டிட்டு வாரும்!"

சற்று முன் அதே நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதவர்தான்.

"உங்களைத் தாங்கிப் பிடிக்கப் பத்துப் பேர் இருக்காங்க, சார். அவங்களுக்கு இது ஒண்ணுதான்."

"உமக்கென்ன, பேசுவீர்! தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்."

பச்சைக் கோட்டுக்காரர் நாயின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

கதவு திறந்தது. வார்டுபாய் எட்டிப் பார்த்தான்.

"பிணவறையில அந்த வேன்ல வந்த ஒரு பையன் மட்டும் பாக்கி. அடையாளம் காட்ட அப்பா வந்திருக்காருன்னு சொன்னாங்களே, யாருங்க?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

பச்சைக் கோட்டுக்காரர் குனிந்து, நாயின் கயிற்றை டிரைவர் மனைவியின் கையில் கொடுத்தார்.

"கொஞ்சம் பிடிச்சுக்கம்மா. என் பையனைப் பார்த்துட்டு வந்துடறேன்."