சிப் யாருக்கு?

“கம்பி, சர்க்யூட் பலகை, மோட்டார் எல்லாம் அவருக்கு. கம்ப்யூட்டர்ல எழுதினது எல்லாம் எனக்கு. இதுதானே மேடம் நம்ம பேச்சு? அப்போ அந்த சிப் எனக்குத்தான் வரணும்!”

மனைவி மேசையைத் தட்டிய தட்டில் மத்தியஸ்தரின் பேனா உருண்டு கீழே விழுந்தது.

“வரணுமாம்ல!” கணவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். “சிப்புங்கறது கையில எடுத்துப் பாக்கற பொருள் மேடம். பொருள்னா என் பக்கம்.”

மத்தியஸ்தர் குனிந்து பேனாவைத் தேடினார். விவாகரத்து கேட்டு வருபவர்களை உட்கார வைத்துப் பேசி, சொத்தைப் பிரித்துக் கொடுப்பதில் அவருக்கு இருபது வருஷ அனுபவம். வீடு, கார், நாய்க்குட்டி, ஏன், ஒரு கிளியைக்கூடப் பிரித்திருக்கிறார். இந்த ஜோடியிடம்தான் மாட்டிக்கொண்டு முழித்தார்.

இருவரும் சேர்ந்து ஒன்பது வருஷமாக ஒரு சின்னப் பட்டறை நடத்தியவர்கள். தக்காளியைத் தரம் பிரிக்கும் இயந்திரம் செய்தார்கள். உடம்பு அவன் கைவேலை, மூளை அவள் எழுத்து. பெரிய ஆர்டர் ஒன்று கைநழுவிப் போன அன்று, ‘தப்பு உன் புரோகிராம்லயா, என் சர்க்யூட்லயா’ என்று ஆரம்பித்த வாய்ச்சண்டை, வீட்டுக்குள் நுழைந்து, கோர்ட்டில் வந்து நின்றது.

முதல் வியாழக்கிழமையே நாற்பது நிமிஷத்தில் எல்லாவற்றையும் பிரித்தாகிவிட்டது. ஹார்டுவேர் அவனுக்கு, சாஃப்ட்வேர் அவளுக்கு. மிச்சம் இயந்திரத்துக்குள் இருக்கும் அந்த ஒரே ஒரு சிப். அதற்காக இன்று ஏழாவது வியாழக்கிழமை.

“எனக்குப் புரியற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க. அது ஹார்டுவேரா, சாஃப்ட்வேரா?”

“கடையில வாங்கும்போது அது வெத்து சிப் மேடம்,” என்றாள் மனைவி. “உள்ள குட்டிக் குட்டியா லட்சக்கணக்கான சர்க்யூட் துண்டுங்க ஒண்ணோட ஒண்ணு சேராம கிடக்கும். எது எதோட சேரணும்னு நான் எழுதி அனுப்பணும். இன்னிக்கு தக்காளியைப் பாக்கும். நாளைக்கு மாத்தி எழுதினா எலுமிச்சையைப் பாக்கும். எழுத்து என்னோடதுதானே?”

“எழுதினது சும்மா ஓடிட்டு இருந்தா அது சாஃப்ட்வேர்,” கணவன் குறுக்கே பாய்ந்தான். “இங்க இவ எழுதினது உள்ள போனதும் சர்க்யூட்டாவே ஆயிடுது. கரண்ட் பாயுது, சூடாகுது. சர்க்யூட் யார் டிபார்ட்மெண்ட்? என் டிபார்ட்மெண்ட்.”

“அதாவது, கீபோர்டுல இருக்கற வரைக்கும் அவங்க சொத்து, உள்ள போயிட்டா உங்க சொத்து?”

“ஆமா!”

“இல்ல!”

மத்தியஸ்தர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “உங்க மெஷின் ஒரு தக்காளி நல்லதா சொத்தையான்னு கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?”

“கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள இருபது தக்காளி பாத்துடும்!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். பெருமை வழிந்தது.

“உங்க ரெண்டு பேரைப் பிரிக்க எனக்கு ஏழு வாரமா முடியல.”

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, “சரி மேடம், தொலையட்டும். அவரே வச்சுக்கட்டும்,” என்றாள்.

அப்பாடா என்று மத்தியஸ்தர் பேனாவைத் திறந்தார். கணவன் பதறி எழுந்தான்.

“அதெப்படி மேடம்? நாளைக்கு ஒரு திருத்தம் பண்ணணும்னா நான் எங்க போவேன்? இவ எழுத்து இல்லாம அது வெறும் மண்ணு. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“அப்போ அதைப் பலகையிலேருந்து எடுத்து அவங்ககிட்டயே குடுத்துடலாமா?”

“ஐயோ, பிச்சு எடுத்தா செத்துடும் மேடம்!” இந்த முறை பதறியவள் மனைவி.

கதவைத் தட்டி எட்டிப்பார்த்தார் கிளார்க். சிப்பைப் பரிசோதித்து அறிக்கை தர கோர்ட் நியமித்த நிபுணர் வந்திருப்பதாகச் சொன்னார். மத்தியஸ்தர் கதவைச் சாத்திவிட்டு வராந்தாவுக்கு விரைந்தார்.

“அறிக்கை எங்க சார்? வாரா வாரம் கேட்டுட்டே இருக்கேன்.”

நிபுணர் தர்மசங்கடமாகத் தலையைச் சொறிந்தார். “அதை எழுதி முடிச்சு ஆறு வாரம் ஆச்சு மேடம். அஞ்சு நிமிஷ வேலை. கரண்டை நிறுத்தினதுமே அந்த சிப் எழுதினதை மறந்துடும். மறுபடியும் வெத்து சிப்தான். அதை அவருக்குக் குடுங்க. எழுதின ஃபைல் கம்ப்யூட்டர்ல இருக்கு, அதை அந்தம்மாவுக்குக் குடுங்க. முடிஞ்சது கதை.”

“இது அவங்க ரெண்டு பேருக்கும் தெரியாதா?”

“தெரியாதாவா? எனக்கே பாடம் எடுப்பாங்க.”

“அப்புறம் ஏன் சார் ஆறு வாரமா இழுத்தீங்க?”

நிபுணர் மூடிய கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “முதல் வாரமே அவர் போன் பண்ணி, ‘எதையாவது சொல்லி இழுங்க சார், அவ இல்லாம என்னால முடியாது, வியாழக்கிழமையாவது அவ முகத்தைப் பாத்துக்கறேன்’னு அழுதார். சரின்னு போனை வச்சேன். பத்தாவது நிமிஷம் அந்தம்மா போன் பண்ணி அதையே சொல்லி அழுதாங்க. இன்னொருத்தருக்குத் தெரியக்கூடாதுன்னு ரெண்டு பேரும் சத்தியம் வேற வாங்கிட்டாங்க!”

மத்தியஸ்தர் உள்ளே திரும்பி வந்தார். நான்கு கண்கள் பயத்தோடு நிமிர்ந்தன.

“ரொம்பச் சிக்கலான விஷயமாம்,” என்றார், முகத்தில் சிரிப்பு எட்டிப்பார்க்காமல் அடக்கிக்கொண்டு. “நீங்க ரெண்டு பேரும் ஒரே பட்டறையில உக்காந்து ஆறு மாசம் சேர்ந்து மெஷினை ஓட்டிக் காட்டினாத்தான் அது யாரோடதுன்னு சொல்ல முடியுமாம்.”