சொல்தா வீட்டு மதாம்

இந்தக் கதையில் சிரிப்பு உண்டு. ஆனால் இப்போதே பல்லைக் காட்டாதீர்கள். முதலில் ஒரு திருடியைப் பிடித்தாக வேண்டும்.

"தலையாரி! என் மதாம் தெனம் ரெண்டு முட்டை இடுது. கைக்கு வர்றது ஒண்ணு. இன்னொண்ணு எங்க போச்சு?"

மீசையை முறுக்கிக்கொண்டு இப்படிக் கேட்டவன் செலியமேட்டு இருசப்பன். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் நாலு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவன். ஊரில் அவனுக்கு 'சொல்தா' என்றே பேர். மதாம், அதாவது துரைசானி, என்பது அவன் கப்பலில் கொண்டுவந்த கோழிக்கு அவன் வைத்த பேர்.

"ரெண்டு இடுறத நீ பாத்தியா, சொல்தா?" என்று தலையாரி பக்கிரி பணிவாகத்தான் கேட்டான்.

"பாக்கணுமா? பனி கொட்டுற தேசத்துலயே தெனம் ஒண்ணு இடுற சாதிடா அது! நம்ம வெயிலுக்கு ரெண்டு இடாதா?"

பக்கிரி யோசித்துப் பார்த்தான். கணக்குச் சரியாகத்தான் பட்டது.

அந்தச் சாதியை இருசப்பன் பொறுக்கிய கதை ஊருக்கே மனப்பாடம். கேட்காவிட்டாலும் சொல்லுவான்.

"சந்தையில பத்து தினுசு கோழி. கொண்டை பெருசா இருந்தா பனியில கருகிடும், வேணாம்னேன். மொட்டைக்கால் கோழி குளிர்ல நொண்டும், வேணாம்னேன். இதப் பாரு! கொண்டை பட்டாணி அளவு, பொட்டைக்கு அதானே அழகு! காலுல கால்சராய் மாட்டுன மாதிரி ரோமம்! மூணு குஞ்சு வாங்கினேன். செங்கடல் வெக்கையில ரெண்டு போச்சு. இது மட்டும் 'நானா சாவேன்?'னு வந்து எறங்குச்சு. எங்க கப்பல் கப்பித்தானே கை தட்டினான்!"

கை தட்டட்டும். மூன்று வாரத்துக்கு முன்னால் வீட்டில் அவன் பெண்டாட்டி அமுதம் ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்து, எலும்பும் தோலுமாக எழுந்து உட்கார்ந்திருந்தாள். "தினம் ஒரு முட்டை கொடு. இல்லாவிட்டால் தேறமாட்டாள்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அன்றைக்கே பக்கத்து வீட்டுக் காசம்மாள் முந்தானையில் இரண்டு முட்டையோடு வந்தாள்.

"எடுத்துகினு போ!" என்றான் இருசப்பன். "சொல்தா வூட்டுல அடுத்தவங்க முட்டை வேகாது. நாளைக்கி என் மதாம் இடும், பாரு!"

சொன்னபடியே மறுநாள் கூட்டில் ஒரு முட்டை கிடந்தது. அன்று தெருவில் அவன் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! முட்டையை அவனே இட்ட மாதிரி இருந்தது.

"இன்னாங்க, நாட்டுக்கோழி முட்டை மாதிரி பொடிசா கீதே?" என்றாள் அமுதம்.

"வெயிலுக்குச் சுருங்கிடுச்சு புள்ள. சாப்பிடு."

மூன்று வாரமாகத் தினம் ஒன்று. அமுதத்தின் கன்னத்தில் சதை பிடித்தது. எழுந்து நடமாடினாள். ஆனால் அந்த இரண்டாவது முட்டை?

"காசம்மாதான்!" என்றான் இருசப்பன். "கூட்டுப் பக்கமே சுத்துறா. அன்னிக்கி திருப்பி அனுப்பினேன் இல்ல, அந்தக் காந்தல்! நான் ஏரிக்கரைக்கிப் போற மாதிரி போறேன். நீ வைக்கோல் போருக்குப் பின்னால வந்துடு."

காலை வெயில் ஏறும் நேரம். போருக்குப் பின்னால் இரண்டு பேர். படலைத் தாண்டி ஒருத்தி வந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். கூட்டுக்குள் கையை விட்டாள்.

"புடிடா!"

பக்கிரி பாய்ந்து காசம்மாளின் கையைப் பிடித்து வெளியே இழுத்தான். உள்ளங்கையில் ஒரு முட்டை.

"யாருது இது?" இருசப்பன் உறுமினான்.

காசம்மாள் வாயைத் திறந்தாள். வாசற்படியில் அமுதம் வந்து நிற்பதைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"கேக்குறேன் இல்ல? யாருது?"

"உன் மதாமுதுதான். திருடத்தான் வந்தேன். போதுமா?"

"கேட்டியா பக்கிரி! ஊர்த்தலைவரு மேர்கிட்ட இழுத்துகினு போ! சும்மாவா, பனி தேசத்து முட்டை! எத்தினி கடல் தாண்டி வந்த சாதி!"

தன் பேச்சு நடப்பது தெரிந்தோ என்னவோ, மதாம் கூட்டின் மேல் ஏறியது. கால்சராயை உதறிக்கொண்டது. இறக்கையைப் படபடவென்று அடித்துக் கழுத்தை நீட்டியது.

"பாரு, பாரு! அதுவே சாட்சி சொல்லப் போவுது!" என்றான் இருசப்பன் பெருமையாக.

"கொக்... கொக்கர... கொக்கரக்கோ!"

படலுக்கு அந்தப் பக்கம் காசம்மாளின் கோழிகளெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன.

"இன்னா சொல்தா," என்றான் பக்கிரி மெதுவாக, "மதாம் கூவுறாங்க?"

வாசற்படியிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. காய்ச்சல் கண்ட நாளிலிருந்து சிரிக்காத அமுதம், நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இப்போது நீங்களும் சிரிக்கலாம்.

இருசப்பன் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டைப் பார்த்தான். முட்டையைப் பார்த்தான்.

"பனி தேசத்துல சேவலுக்கும் கொண்டை சிறுசுதான் போல, தம்பி," என்றாள் காசம்மாள் தலையைக் குனிந்துகொண்டே.

அவன் திரும்பி அமுதத்தைப் பார்த்தான். மூன்று வாரத்துச் சதை அந்தக் கன்னத்தில் குலுங்கிக்கொண்டிருந்தது.

"கைய வுடு, பக்கிரி. நீ போ. என் வூட்டுல ஒண்ணும் களவு போவல."

மீசையிலிருந்து இறங்கிய இரண்டு கைகளும் சேர்ந்து காசம்மாளின் முன்னால் நீண்டன.

"குடு அக்கா. அமுதத்துக்கு முட்டை வேவிக்கிற நேரமாச்சு."