ஊதாத் துணி

ஆராதனை தொடங்கியதிலிருந்து மணியக்கா சிலுவையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாட்டுக்கு எழுந்தாள், ஜெபத்துக்கு முழங்காலிட்டாள். கண் மட்டும் பீடத்துக்கு மேலேயே இருந்தது. பக்கத்திலிருந்த தையல்காரி மனம் உருகித் தன் கைக்குட்டையை நீட்டினாள்.

"அழுதுடுங்கக்கா. லெந்துல அழுதா நல்லதுதான்."

பீடத்துக்குப் பின்சுவரில் இருந்த மரச்சிலுவை ஊதாத் துணியால் மூடியிருந்தது. இந்தச் சபைக்கு அது புதிது. லெந்து என்னும் நோன்புக் காலத்தின் நாற்பது நாளும் கண்ணுக்கு மறைத்து வைத்தால் ஈஸ்டர் அன்று அதன் அருமை தெரியும் என்று போதகர் இந்த வருடம்தான் ஆரம்பித்தார். தானே ஏணியில் ஏறி, தானே முடிச்சுப் போட்டார்.

ஆலயத்தைப் பெருக்குவதும் துடைப்பதும் மணியடிப்பதும் மணியக்காவின் வேலை. வெள்ளிக்கிழமை ஏணியில் நின்று துணியின்மேல் தூசு தட்டியபோது உள்ளே ஏதோ அசைந்தது. முடிச்சை அவிழ்த்தாள். சிலுவையின் வலது கை கழன்று அவள் கைக்கு வந்துவிட்டது.

சத்தம்கூட வரவில்லை. உடைந்த இடம் விரலில் பிசுபிசுத்தது. பயத்தில் வியர்த்த கை என்று நினைத்துக்கொண்டாள். தையல் நூலை எட்டுச் சுற்றுச் சுற்றிப் பழையபடி நிறுத்தி, துணியை இறுக்கிக் கட்டினாள்.

அந்தச் சிலுவையைச் செதுக்கியவர் பெரிய டீச்சரின் காலஞ்சென்ற கணவர். டீச்சர் முதல் பெஞ்சில் உட்காருபவர். உட்காரும் முன் பெஞ்சை விரலால் தடவித் தூசு பார்ப்பவர். முன்பு இந்த வேலையில் இருந்தவர் ஒரு விளக்குக் கண்ணாடியை உடைத்தார். டீச்சர் ஒரு வார்த்தை சொன்னார். அந்த வாரமே அந்த ஆள் ஆலயத்தின் பின்னறையைக் காலி செய்துகொண்டு போனார்.

இப்போது அந்த அறையில் மணியக்காவும் மகளும் இருக்கிறார்கள். மகளின் பரீட்சை ஈஸ்டருக்கு நான்கு நாள் முன்னால் முடியும். அதுவரை துணி தாங்கினால் போதும். போதகரின் புது வழக்கத்துக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டாள்.

அந்த ஞாயிறுக்கு என்று குறித்திருந்த வேதபகுதி பாவத்தை அறிக்கையிடுவது பற்றியது. போதகர் அடிக்கடி தொண்டையைச் செருமினார், ஒரு வசனத்தை இரண்டு முறை வாசித்தார். என் முகத்தைப் பார்க்க முடியாமல் தடுமாறுகிறார், தெரிந்துவிட்டது என்று நினைத்தாள் மணியக்கா. எழுந்து போகலாம் என்றால் இருப்பது ஒரே வாசல். அதன் குறுக்கே சபைக் கமிட்டிக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அறிவிப்பு நேரத்தில் பெரிய டீச்சர் எழுந்தார். தன் தம்பி முதன்முறையாக வந்திருப்பதாகவும், அத்தான் செய்த சிலுவையைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று அவன் சொல்வதாகவும், அவனுக்குச் சாயங்காலம் ரயில் என்றும் சொன்னார். போதகர் ஈஸ்டர் வரை பொறுக்கச் சொன்னார். வேறு சபைகளிலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று இழுத்தார்.

"மத்த சபையில என்ன வேணா செய்யட்டும் ஐயா. மூடி வைக்கவா எங்க வீட்டுக்காரர் மூணு மாசம் உளி பிடிச்சாரு?" டீச்சர் பின்னால் திரும்பினார். "மணி, ஏணியைக் கொண்டா."

மணியக்கா பக்கத்து அறைக்குப் போனாள். ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. ஜன்னலில் கம்பி, வெளியே போக வேறு கதவும் இல்லை. ஏணியைத் தொட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"ஏணியில ஒரு படி போயிடுச்சு டீச்சர்." பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஆமா, ஆமா. ரெண்டு படி," என்றார் போதகர்.

மணியக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். தனக்காகப் பொய் சொல்கிறார். அதுவும் பீடத்தில் நின்றுகொண்டு, அதுவும் லெந்தில். அந்தப் பாவமும் சேர்ந்து இப்போது அவள் தலையில் ஏறியது.

"ஏணி எதுக்குக்கா? நான் என்ன குள்ளமா?" என்றபடி டீச்சரின் தம்பி சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார். ஆறடிக்குக் குறையாத ஆள். பீடத்துக்குப் பின்னால் சுவரோரம் பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினார். அவர் கை முடிச்சைத் தொட்டது.

"நான்தான் உடைச்சேன்," என்றாள் மணியக்கா.

எல்லோரும் திரும்பினார்கள். வெள்ளிக்கிழமை நடந்ததை, நூல் சுற்றியதை, ஏணிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். இன்றைக்கே அறையைக் காலி செய்துவிடுவதாகச் சொன்னாள்.

"பரீட்சை முடியற வரைக்கும் பிள்ளையை மட்டும் இருக்க விடுங்க டீச்சர்."

தம்பியின் கை முடிச்சிலேயே நின்றது. தையல்காரி தன் கைக்குட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பெரிய டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு, மணியக்காவை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

போதகர் பீடத்திலிருந்து இறங்கி வேகமாக வந்தார். முகமெல்லாம் வியர்வை. டீச்சருக்கும் மணியக்காவுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"நீங்க உடைக்கலக்கா," என்றார். "பின்ன நான் எதுக்கு அதை மூடினேன்?"