இம்மாதப் பாடம்

மும்மதத்தாரும் சேர்ந்து நடத்தும் தொண்டு மன்றத்தில் ஒரு விதி உண்டு. மாதந்தோறும் புதிதாக ஒன்றைக் கற்கும் முதியவருக்கே வீட்டுதவி கிடைக்கும். கற்பதை நிறுத்தியவரின் தொண்டர் வேறு வீட்டுக்கு அனுப்பப்படுவார்.

தேவசகாயத்துக்கு நினைவு தேய்ந்துவந்தது. அவரைக் குளிப்பாட்டி உணவூட்டப் பள்ளிவாசல் சார்பில் சபீனா வந்துகொண்டிருந்தாள். அவள் இல்லாவிட்டால் அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி உட்காரவைக்கக்கூட மனைவி ரோசலினுக்கு வலுவில்லை.

மாதத்தின் கடைசி நாளன்று, மன்றம் சுவரில் பொருத்தியிருந்த கருவி வழக்கம்போலக் கேட்டது: "ஐயா, இம்மாதம் புதிதாக என்ன கற்றீர்கள்?"

ரோசலின் பல நாட்களாக ஒரு பறவையின் பெயரை அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். தேவசகாயம் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க அங்கிள்! பிரியாணியை மட்டும் மறக்கவே மாட்டேங்குறீங்களே," என்று சபீனா சீண்டினாள்.

அவர் சிரித்தார். பிறகு ரோசலினைச் சுட்டிக்காட்டி, "இந்தம்மா யாரு?" என்றார்.

சபீனா தலைகுனிந்தாள். ரோசலின் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்.

"நான் ரோசலின். உங்க மனைவி."

"ரோசலின். என் மனைவி," என்று அவர் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார்.

"ஐயா தாம் அறியாத ஒன்றை இன்று அறிந்துகொண்டார். தேர்ச்சி," என்றது கருவி.

"ஆன்ட்டி, அடுத்த மாசமும் நான்தான் வருவேன்!" என்று துள்ளிய சபீனா, ரோசலினின் முகத்தைக் கண்டு அடங்கினாள்.

ரோசலின் கருவியின் பக்கம் திரும்பினார்.

"அதுக்குள்ள இவர் இதை மறந்துட்டா, அடுத்த மாசமும் இதையே படிக்கலாமா?"