வலது கால் செருப்பு

எங்கள் நாடகத்தில் நடிப்பு கிடையாது. போருக்குத் தப்பி வந்த நாங்கள் நான்கு பேர் ஒஸ்லோவில் ஒரு மேடையில் நாற்காலி போட்டு உட்காருவோம். பார்க்க வந்தவர்கள் தலைப்பட்டியை மாட்டிக்கொண்டதும் எங்கள் நினைவு அப்படியே அவர்களுக்குள் ஓடும். பத்து நிமிடம் அவர்கள் நாங்களாக இருப்பார்கள்.

என்னுடையது, ஆறு வயதில் படகேறிய காலை. அப்பா என்னைத் தூக்கிப் படகில் விட்டபோது வலது கால் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. நான் அதைப் பார்த்து அழுதுகொண்டிருக்க, அவர் மற்ற ஆட்களை ஏற்றக் கரைக்குத் திரும்பினார். ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார் என்று பதின்மூன்று வருடமாக எனக்குக் கோபம்.

நேற்று நாடகம் முடிந்ததும் லார்ஸ் என்கிற பஸ் ஓட்டுநர் என்னிடம் வந்தார். தமிழ் தெரியாதவர்.

"செருப்புப் போனதில் எனக்கும் அழுகை வந்துவிட்டது. அதுசரி, 'பொட்டுவாரன்' என்றால் என்ன? உங்கள் அப்பா இரண்டு தடவை சொன்னாரே."

நான் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"போட்டு வாறன். போய்விட்டு வருகிறேன் என்று அர்த்தம்."

"வந்தாரா?"

"இல்லை."

வீட்டுக்கு வந்ததும், அன்று வேறு படகில் வந்த அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, அப்பா சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

அம்மா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "அவர் சொல்லாமப் போற ஆளில்லை எண்டு எத்தினை தரம் சொன்னனான், தர்சி. உனக்குச் செருப்பெல்லோ பெரிசாக் கிடந்தது."